படம் நிற்கிற இடம்

முன்பு இருந்தவர்கள் ஏன் காலி செய்தார்கள் என்று கேட்டீர்கள். வீடு பார்க்க வருகிற எல்லோரும் தண்ணீர் வருமா, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். நீங்கள் இதைக் கேட்டீர்கள். நல்லது. தெருவில் யாராவது வேறு மாதிரி சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், இதில் உட்காருங்கள். அங்கே உட்கார்ந்தால் ரவுட்டருக்கும் எனக்கும் நடுவில் வந்துவிடுவீர்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. இன்னும் சற்று நேரத்தில் என் மகள் பின்லாந்திலிருந்து கூப்பிடுவாள். வாரத்துக்கு ஒரு முறை, இந்த நேரத்துக்கு, முகம் பார்த்துப் பேசுவோம். அவள் பெயர் சுபாஷிணி. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். எனக்கு அவள் ஒரே பிள்ளை. ஆகவே அந்த அழைப்பு எனக்கு எப்படிப்பட்டது என்பதை விளக்கத் தேவையில்லை. மாடியில் இருந்த பெண் காலி செய்ததும் அந்த அழைப்பின் பொருட்டுத்தான்.

காபி ஆறுகிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்கள்கூட இதில் குழம்புகிறார்கள். வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. தெருக் கம்பத்திலிருந்து ஒரு மெல்லிய ஃபைபர் கம்பி வருகிறது பாருங்கள், ஜன்னல் ஓரமாக, அந்த வெள்ளைப் பெட்டி வரைக்கும். அதுதான் வெளியிலிருந்து வருவது. பீரோவின் மேல் கொம்பு வைத்துக்கொண்டு நிற்கிறதே, அதுதான் ரவுட்டர். வந்ததை வாங்கி வீட்டுக்குள் பரத்துவது மட்டுமே அதன் வேலை. உங்கள் போனில் வைஃபை கோடுகள் முழுதாக நின்றால் இன்டர்நெட் நன்றாக வருகிறது என்று நினைத்துக்கொள்கிறீர்கள். இல்லை. போனுக்கும் ரவுட்டருக்கும் இடையில் உறவு நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். வெளிக் கம்பி அறுந்து கிடந்தாலும் அந்தக் கோடுகள் முழுதாகவே நிற்கும்.

இதையெல்லாம் நான் எங்கிருந்து தெரிந்துகொண்டேன் என்கிறீர்களா? கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவள் நான். சோதனை என்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றவை எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். மாணவிகளிடம் இதைத்தான் வருஷம் முழுக்கச் சொல்கிறேன். வீட்டிலும் அதையேதான் செய்தேன். அவசரப்பட்டு யார் மேலும் பழி போடவில்லை.

பிரச்சினை என்னவென்றால், படம் நின்றுவிடும். சுபா பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று முகம் அப்படியே உறைந்துவிடும். வாய் பாதி திறந்தபடி, ஒரு கண் சற்றுச் சாய்ந்தபடி. சத்தமும் வராது. சில நேரம் நிற்பதற்கு முன்னால், "ம்மா, கேக்கல... கேக்கலம்மா... ஒடஞ்சு ஒடஞ்சு வருது" என்பாள். அப்புறம் சிலைதான். கொஞ்ச நேரத்தில் அழைப்பு தானாகவே அறுந்துவிடும்.

எப்போது வேண்டுமானாலும் நின்றால் சாதாரணக் கோளாறு என்று விட்டிருப்பேன். நான் கவனித்துப் பார்த்தேன். சாப்பாடு, குளிர், என் முட்டி வலி, பக்கத்து வீட்டு நாய், இந்தப் பேச்செல்லாம் தடையில்லாமல் ஓடும். சரியாக நான் ஒரு வரனின் போட்டோவைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கும் இடத்தில் நிற்கும். சிரிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவள் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எனவே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்டுடியோவில் பெரிதாகப் பிரின்ட் போட்டு வாங்கி வைத்துக்கொண்டு நேரில் காட்டுகிறேன். முதலில் காட்டியது நாகர்கோவில் டாக்டர் பையன். நின்றது. அடுத்தது சென்னையில் சொந்தமாகக் கம்பெனி வைத்திருக்கிற பையன். நின்றது. யாரைக் காட்டினாலும் நின்றது. பையனுக்குப் பையன் குணம் மாறலாம், கோளாறு மட்டும் மாறவில்லை.

நான் என்ன ஊகித்தேன் என்றால், வீட்டுக்கு வருகிற வேகம் ஒன்று, வீட்டிலிருந்து போகிற வேகம் இன்னொன்று. பளபளப்பான பெரிய போட்டோவை நாம் காட்டும்போது இங்கிருந்து போக வேண்டிய சுமை கூடிவிடுகிறது. லைன் தாங்கவில்லை. ஏன் தாங்கவில்லை? வேறு யாரோ அந்த நேரத்தில் அதை உறிஞ்சுகிறார்கள். இது நியாயமான ஊகம்தானே?

அப்போது மாடியில் பெனிட்டா இருந்தாள். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பெண். கணவன் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை, போவதும் வருவதுமாக இருப்பான். குடிவந்த புதிதில் அவளுக்கு இணைப்பு வரத் தாமதமானது. கம்பெனிக்காரர்கள் நெருக்குகிறார்கள் என்று கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாள். நான்தான் எங்கள் பாஸ்வேர்டைக் கொடுத்தேன். அதன் பிறகு அவளுக்கென்று தனி இணைப்பு, தனி ரவுட்டர் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் ஒரு முறை ருசி கண்ட போன் சும்மா இருக்குமா? படியேறும்போதே அது தானாக எங்கள் வைஃபையைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. பாஸ்வேர்டை மாற்றினேன். பாஸ்வேர்டை மாற்றினால் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கிற எல்லாமே உதிர்ந்துவிடும், புதிதாகக் கொடுத்தால்தான் சேரும். அந்த ஞாயிற்றுக்கிழமை போட்டோவைத் தூக்கினேன். நின்றது. மறுபடி மாற்றினேன். நின்றது. எங்கள் வீட்டுக்காரர் கிரிக்கெட் பார்க்க முடியாமல், "காந்தி, இன்னைக்கு என்ன பாஸ்வேர்டு? போன வாரம் மாமியார் பேரு, அதுக்கு முந்தின வாரம் மாரியம்மன். அடுத்தது என் பேரா?" என்று என்னைக் கேலி செய்தார். அவருக்கு எல்லாமே விளையாட்டு.

யார் யார் ஒட்டியிருக்கிறார்கள் என்று போனிலேயே பார்க்கலாம் என்றார்கள். பார்த்தேன். பெயர் தெரியாத ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தது. எழுத்தும் எண்ணுமாக நீளமான பெயர். அதைத் தடுத்து வைத்தேன். உடனே ஹாலில் டிவி நின்றுவிட்டது. அது எங்கள் டிவியாம். ஒரு டிவிக்கு எதற்காக அப்படி ஒளிந்துகொள்கிற பெயர், சொல்லுங்கள்.

அப்புறம்தான் லைன்மேனைக் கூப்பிட்டேன். இசக்கிராஜ் என்று பெயர். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கம்பத்தில் ஏறினான், பெட்டியைத் திறந்தான், ரவுட்டரை ஒதுக்கிவிட்டு வெள்ளைப் பெட்டியிலிருந்து நேராகக் கம்பியை லேப்டாப்பில் சொருகினான். போகிற வேகமும் வருகிற வேகமும் ஒன்றாகவே இருந்தன.

"அம்மா, உங்க பக்கம் ஒரு கொறையும் இல்ல. சினிமா தியேட்டரே நடத்தலாம் இதுல."

"அப்படியானால் படம் ஏன் நிற்கிறது?"

"அந்தப் பக்கம் ஏதாச்சும் இருக்கும்."

"எந்தப் பக்கம்?"

"அவங்க பக்கம்தாம்மா. எனக்கு இன்னும் சமாதானபுரத்துல ரெண்டு வீடு கெடக்கு, வரட்டா?"

பின்லாந்தில் கோளாறாம்! அவர்கள் நாட்டில் காட்டுக்குள்ளேயும் சிக்னல் இருக்கிறது என்று சுபாவே சொல்லியிருக்கிறாள். ஒன்று மட்டும் கவனித்தேன். எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் இசக்கிராஜ் மாடிக்குப் போயிருக்கிறான். பெனிட்டாவின் இணைப்பும் அவன் கொடுத்ததுதான். மேலே டீ குடித்துவிட்டுத்தான் கீழே வந்தான். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கவனித்துக்கொண்டேன்.

அதற்கு நடுவில்தான் அது நடந்தது.

ஒரு ஞாயிறு, சுபா வழக்கத்தைவிட அமைதியாக இருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். அங்கே அவள் சேலை கட்டுவதே இல்லை. "அம்மா, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படாமக் கேக்கணும்" என்றாள். சொல்லு என்றேன். அன்றைக்குத்தான் தென்காசியிலிருந்து ஒரு நல்ல வரன் வந்திருந்தது. அவள் சொல்வது பெரிய விஷயமாக இருந்தால் பேச்சில் இது மறந்துபோகும். "அதுக்கு முந்தி இதை மட்டும் பாத்துரு" என்று போட்டோவைத் தூக்கினேன். நின்றுவிட்டது.

அந்த ஒன்று என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உடம்புக்கு ஏதாவதா, வேலை போய்விட்டதா, என்ன என்று தெரியாமல் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் கேட்டேன். "அது ஒண்ணுமில்லம்மா, அப்புறம் சொல்லுதேன்" என்று விட்டுவிட்டாள். ஒரு பெண் தன் தாயிடம் சொல்ல வந்த வார்த்தை பாதி வழியில் களவு போயிருக்கிறது. பணமோ நகையோ போயிருந்தால் போலீசில் சொல்லலாம். இதை யாரிடம் சொல்வது?

எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் உடனே செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். காலையில்தான் ஊற்றியிருந்தார்.

இன்னொன்றும் உண்டு. அவர் வார நடுவில் சுபாவோடு பேசுவார். தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, சுவருக்கு அப்பால், ரவுட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மணிக்கணக்கில். ஒரு முறைகூடப் படம் நின்றதில்லை. நான் கேட்டால், "எனக்கு நல்லாத்தான் வருது, காந்தி. ஒனக்கு மட்டும்தான் நிக்குது" என்று சிரிக்கிறார். நான் வெளியே வந்தால் மட்டும் பேச்சு மழைக்கும் வெயிலுக்கும் மாறிவிடும். வார நடுவில் பெனிட்டாவுக்கு மீட்டிங் அதிகம், அதனால் அவள் தன் இணைப்போடு நின்றுகொள்கிறாள், எங்களுடையதைத் தொடுவதில்லை என்று நான் புரிந்துகொண்டேன்.

பெனிட்டாவையும் நேரில் கேட்டேன். நான் மறைவாக எதையும் செய்கிறவள் இல்லை. "எங்கள் வைஃபையை நீ இன்னமும் பயன்படுத்துகிறாயா?" என்று நேராகவே கேட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. "ஐயோ ஆன்ட்டி, எனக்கு எதுக்கு? வேணும்னா அடுத்த ஞாயித்துக்கிழமை மேல வாங்க. என் நெட்லயே அக்காட்ட பேசிப் பாருங்க" என்றாள்.

பாராட்ட வேண்டும், நல்ல சோதனை அது. வேறு கம்பி, வேறு ரவுட்டர், வேறு கம்பெனி. என் போனை அவளுடைய வைஃபையில் சேர்த்துக்கொண்டு அவள் ஹாலில் உட்கார்ந்தேன். சுபா வந்தாள். பெனிட்டாவைப் பார்த்து, "எப்படி இருக்கீங்க?" என்றாள். இரண்டு பெண்களும் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். ஒரு தடங்கல் இல்லை. நான் தென்காசிப் பையனின் போட்டோவை எடுத்தேன்.

நின்றது.

சொல்லுங்கள், இப்போது என்ன முடிவுக்கு வருவீர்கள்? கீழே எங்கள் லைன், மேலே அவள் லைன். இரண்டும் வேறு. ஆனால் இரண்டிலும் படம் நிற்கிறது. அப்படியானால் இரண்டுக்கும் பொதுவாக இருப்பது எது? அதைத்தானே தேட வேண்டும்? நான் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தேன். கீழே நடந்தபோதும் வீட்டில் இருந்தவள், மேலே நடந்தபோதும் பக்கத்தில் இருந்தவள் ஒருத்திதான். பெனிட்டா.

அப்போதும் நான் எதுவும் சொல்லவில்லை. அவளே வாயைக் கொடுத்தாள். படியிறங்கும்போது கூடவே வந்து, மெதுவாக, "ஆன்ட்டி, தப்பா நெனைக்காதீங்க. ஒரே ஒரு வாரம் போட்டோ எதுவும் காட்டாமப் பேசிப் பாருங்களேன். அக்கா ஏதோ சொல்ல வாராங்கல்ல, அதை மட்டும் கேளுங்க" என்றாள்.

சுபா ஏதோ சொல்ல வந்தாள் என்பது இவளுக்கு எப்படித் தெரியும்? அன்று நான் கீழே, என் வீட்டு ஹாலில், கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். சொன்னது சுபா, கேட்டது நான். மூன்றாவது ஆள் கிடையாது. நான் கொஞ்சம் உரக்கப் பேசுவேன் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்வார். பின்லாந்து தூரம், உரக்கத்தான் பேச வேண்டும். போனின் ஸ்பீக்கரையும் முழுதாக வைப்பேன். அதற்காக மாடி வரைக்கும் கேட்குமா? அவள் ரவுட்டர் வழியாகத்தான் கேட்டிருக்க வேண்டும். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்களுக்கு அது ஒரு வித்தையா?

அடுத்த நாளே வீட்டைக் காலி செய்யச் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்று காரணம் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. குற்றமில்லாதவள் என்றால் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்டிருக்க மாட்டாளா? லாரியில் சாமான் ஏற்றும்போது எங்கள் வீட்டுக்காரர் போய் அவளிடம் கையெடுத்துக் கும்பிட்டதைப் பார்த்தேன். எதற்கு என்று கேட்டேன். சும்மா என்றார்.

மாடி காலியான பிறகும் நிற்கிறதா என்று கேட்கிறீர்கள். நிற்கிறது. மறைக்கவில்லை. ரவுட்டரை மாற்றினேன், கம்பெனியையே மாற்றினேன், டிவிக்குப் பின்னால் இருந்ததை பீரோ மேல் தூக்கி வைத்தேன். சுவர்கள் அலையைத் தின்னும், மைக்ரோவேவ் அடுப்பு குறுக்கே பாயும், பக்கத்து வீட்டு ரவுட்டரும் நம்முடையதும் ஒரே அலைவரிசையில் நின்று முட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டு வருகிறேன். ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது. கண்டுபிடித்துவிடுவேன்.

இதோ, கூப்பிடுகிறாள். இருங்கள், போகாதீர்கள். நீங்களே பார்த்தால்தான் நம்புவீர்கள்.

சுபா! தெரியுதா? நல்லா இருக்கியா? இவங்க மாடி பாக்க வந்திருக்காங்க. கொஞ்சம் இந்தப் பக்கம் சாயுங்கள், அவளுக்குத் தெரியட்டும்.

"வணக்கம். தாராளமா வாங்க. மேல காத்து நல்லா வரும். வெயில் காலத்துல அடுப்பு மாதிரி கொதிக்கும், அம்மா சொல்ல மாட்டாங்க."

பார்த்தீர்களா வாயை? எவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது பாருங்கள். பின்னால் ஜன்னலில் பனி விழுவதுகூடத் தெரிகிறது.

"அம்மா, அப்பா இருக்காங்களா பக்கத்துல? அன்னைக்கு ஒண்ணு சொல்லணும்னேன்ல..."

சொல்லு தாயி, சொல்லு. அதைத்தான் நானும் காத்துக்கிட்டிருக்கேன். ஒரே ஒரு நிமிஷம், விருதுநகர்லருந்து ஒரு பையன், நேத்துத்தான் வந்தது. இதைப் பாத்துட்டு நிதானமாச் சொல்லு. நல்ல எடம். இந்தா, நெத்தியைப் பாரு, உங்க அப்பா மாதிரியே...

நின்றுவிட்டது. பார்த்தீர்களா? நான் சொன்னேன் அல்லவா?

என்ன, பனி விழுகிறதா? ஆமாம், விழுகிறது. முகம்தான் நிற்கும், பின்னால் இருக்கிற சின்னச் சின்ன அசைவுகள் போய்க்கொண்டிருக்கும். முகத்தில் நுணுக்கம் அதிகம், அதை அனுப்பச் சுமை கூடுதல். பனி வெறும் வெள்ளைப் புள்ளி, லேசானது. கண் சிமிட்டியதுபோல் இருந்ததா? அது மிச்சம் வந்த துணுக்காக இருக்கும்.

பேசாமல் இருங்கள், கொஞ்ச நேரம். இப்படி நிற்கும்போது நானாகத் துண்டிப்பதில்லை. பேசும்போது அவள் அங்கும் இங்கும் திரும்பிக்கொண்டே இருப்பாள், முகத்தை முழுதாகப் பார்க்க விடமாட்டாள். இந்த நேரத்தில்தான் பார்க்க முடிகிறது. இளைத்திருக்கிறாள், இல்லையா? கழுத்தில் அது புதுச் சங்கிலியா? கண்ணாடியைக் கொஞ்சம் துடைத்துக்கொள்கிறேன். இந்தப் போட்டோவை இப்படிக் கீழே வைக்கிறேன், கை வலிக்கிறது...

வந்துவிட்டது! சுபா! இப்ப சொல்லு. என்னமோ சொல்ல வந்தியே. என்ன? வெளியே போகணுமா? யாரோட? சரி. சரி. அடுத்த வாரம் கண்டிப்பாச் சொல்லணும். சாப்பிடு நேரத்துக்கு. சுபா...

வைத்துவிட்டாள்.

நீங்கள் கவனித்தீர்களா, படம் திரும்பி வந்தது எந்த நொடியில் என்று? நான் கவனித்தேன். கையில் வைத்திருந்த போனை நீங்கள் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தீர்கள். இழுத்தீர்கள், அவள் வந்துவிட்டாள். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களைப் பார்த்தால் நல்ல குடும்பத்துப் பெண்ணாகத்தான் தெரிகிறது. ஆனால் உங்கள் போன் எங்கள் வைஃபையில் சேராமல் அப்படி நடக்காது. இன்று காலையில்தான் பாஸ்வேர்டை மாற்றினேன். எங்கள் வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது.

உள்ளே வருவதற்கு முன்னால் வாசலில் நின்று அவரோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தீர்களே, என்ன சொன்னார்?